கனடா போகிறோம், கோவை வீட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருடச் சம்பளம் 15 லட்சம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, வருடத்துக்கு 4 லட்சம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டம் வழியாகக் கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிட்டது. வேலை இன்னும் கிடைக்கவில்லை, போய்த்தான் தேட வேண்டும். என் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் 19 லட்சம், வங்கிக் கணக்கில் 4 லட்சம், பி.எஃப். 14 லட்சம், பிபிஎஃப் 6 லட்சம். மனைவி பெயரில் டெபாசிட் 10 லட்சம், நகை 60 பவுன். 2014-ல் 38 லட்சத்துக்கு வாங்கிய வீடு இப்போது 85 லட்சம் போகும். அதன் மேல் 11 லட்சம் கடன் பாக்கி, மாதத் தவணை 16,500. மனைவியின் அண்ணன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில் இருக்கிறார். வீட்டை விற்றுக் காசாக்கிக் கொண்டு வாருங்கள் என்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கும் என் அப்பா, விற்கவே கூடாது என்கிறார். ஒரு நண்பர், கணக்கில் காட்டுவதற்காக 10 லட்சம் போட்டுவைக்கிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வீட்டை இப்போது விற்காதீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வீட்டைத் தொடாமலேயே முதல் வருடத்தைத் தாண்டிவிடலாம். எந்தப் பணத்தை எப்போது, யார் பெயரில் எடுக்கிறீர்கள் என்பதில்தான் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரப்போகிறது.

முதலில் நண்பரின் 10 லட்சம். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். கையில் வேலை உத்தரவு இல்லாமல் போகும் குடும்பம் காட்ட வேண்டிய தொகையைக் கனடா அரசு ஆண்டுதோறும் திருத்துகிறது. 2025 ஜூலைப் பட்டியலில் 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு 28,362 கனடா டாலர். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 18.5 லட்சம். இது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. வங்கி தரும் கடிதத்தில் இன்றைய இருப்போடு கடந்த 6 மாதச் சராசரி இருப்பும் இருக்க வேண்டும். திடீரென்று வந்து உட்காரும் 10 லட்சம் அங்கே பளிச்சென்று தெரியும். பொய்த் தகவல் என்று முடிவு செய்துவிட்டால் 5 வருடம் கனடா பக்கமே போக முடியாது. உங்களுக்கு அந்த அவசியமும் இல்லை. மனைவியின் டெபாசிட் 10 லட்சம் இருக்கிறது. உங்கள் ஃபண்டிலிருந்து 12 லட்சம் எடுத்து வங்கியில் போட்டால் தீர்ந்தது. ஃபண்ட் ஸ்டேட்மென்டையும் சேர்த்து வையுங்கள், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பதில். விண்ணப்பிக்க அழைப்புத் தேதியிலிருந்து 60 நாள்தான் அவகாசம். அதனால் இந்த வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஃபண்டை எடுக்கும்போது ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 12.5% வரி உண்டு, அதைத் தனியாக எடுத்துவையுங்கள்.

சரி, 28,362 டாலர் காட்டியாகிவிட்டது. அது போதுமா? போதாது. அந்தத் தொகை விசாவுக்கான அளவுகோல். உங்கள் வீட்டுச் செலவு அதைக் கேட்டு நடக்காது. பிராம்ப்டனில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,200 டாலராவது வையுங்கள். வீடு எடுக்கும்போது முதல் மாதம், கடைசி மாதம் என இரண்டு வாடகையைச் சேர்த்துக் கேட்பார்கள். மளிகை 1,100, மின்சாரம், இன்டர்நெட், ஃபோன் எல்லாம் 400. பிராம்ப்டன் கார் இன்சூரன்ஸ் அதிகம் என்று பேர் எடுத்த ஊர், பெட்ரோலோடு சேர்த்து 500 போய்விடும். சில்லறைச் செலவு 300. மொத்தம் 4,500. அப்படியென்றால் காட்டிய பணம் ஆறே மாதத்தில் தீரும், அதுவும் பழைய கார், குளிர்கால உடுப்பு, மெத்தை, கட்டில் எதையும் எண்ணாமல். நான் உங்களுக்கு வைக்கும் இலக்கு 48,000 டாலர், அதாவது சுமார் 31 லட்சம்.

மைத்துனர் வீட்டில் முதல் இரண்டு மாதம் தங்க முடிந்தால் தாராளமாகத் தங்குங்கள், மளிகைச் செலவை மட்டும் முதல் நாளிலிருந்தே பகிர்ந்துகொள்ளுங்கள். உறவும் நிலைக்கும்.

வருமானப் பக்கத்தை இறுக்கமாகவே போடுகிறேன். உங்கள் துறையில் வேலை கிடைக்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். மனைவி அங்கே அரசுப் பள்ளியில் பாடம் நடத்த ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் வருடம் அவருடைய ஆசிரியைச் சம்பளம் பூஜ்யம் என்றே எழுதுங்கள். இடைக்காலத்தில் கிடங்கிலோ கடையிலோ ஒருவர் முழுநேரம் வேலை பார்த்தால், ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 17.60 டாலர் (2025 அக்டோபர் முதல்) கணக்கில், பிடித்தம் போக மாதம் 2,600 பக்கம் கையில் வரும். அதோடு கனடா குழந்தைகள் உதவித்தொகை இருக்கிறது. பி.ஆரில் போகிறவர்கள் இறங்கிய உடனே விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருடம் 7,997 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 6,748 டாலர் என்பது உச்சவரம்பு. குடும்ப வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் முழுத்தொகை உண்டு. நீங்கள் வருவதற்கு முன் இந்தியாவில் சம்பாதித்ததையும் அந்தப் படிவத்தில் கேட்பார்கள். உங்கள் இருவரின் 19 லட்சத்தை டாலராக்கினாலும் 30,000-க்குள்தான் வருகிறது. ஆக மாதம் 1,200 டாலருக்கு மேல் எதிர்பார்க்கலாம். கையில் வந்து சேர சில மாதம் பிடிக்கும் என்பதால் முதல் கால் வருடத்துக்கு இதை நம்பாதீர்கள்.

இனி அந்த 31 லட்சத்தைக் கொண்டுபோகும் வழி. இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போது வெளிநாட்டுக்கு அனுப்பினால், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை கூடுதல் பிடித்தம் எதுவும் இல்லை. அதைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 20% டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாக வங்கி பிடித்துக்கொள்ளும். வரிக்கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் புது ஊரில் ஒவ்வொரு டாலரும் தேவைப்படும் மாதங்களில் உங்கள் பணம் இங்கே முடங்கிக் கிடக்கும். அதனால் ஃபண்டில் எடுத்த 12-ல் 10 லட்சம் உங்கள் பெயரில், டெபாசிட் 10 லட்சம் மனைவி பெயரில், இரண்டையும் தனித்தனியாக அனுப்புங்கள். சுமார் 30,700 டாலர் ஆயிற்று. மீதி 2 லட்சமும் வங்கியில் இருக்கும் 4 லட்சமும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும். கட்டணமே குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் பக்கம் வரும்.

அடுத்த 12 லட்சம் பி.எஃப்-இலிருந்து. நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுகிறவர் முழுத்தொகையையும் எடுக்க விதியில் இடம் உண்டு. 5 வருடத்துக்கு மேல் தொடர்ந்து கட்டியிருந்தால் வரியும் இல்லை. இதை நீங்கள் போன பிறகு, என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) மாற்றிய வங்கிக் கணக்கில் வாங்கி அங்கிருந்து அனுப்புங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் என்ஆர்ஓ கணக்கிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், டிசிஎஸ் கிடையாது. ஆடிட்டர் சான்றிதழ் ஒன்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

பி.எஃப். விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். கம்பெனிப் பதிவில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் என்று மூன்று விதமாக இருக்கும். அப்படி இருந்தால் பணம் கேட்கும்போது நிராகரித்துவிடுவார்கள், பிராம்ப்டனில் உட்கார்ந்துகொண்டு திருத்துவது பெரும்பாடு. ராஜினாமா கொடுக்கும் முன்பே, கம்பெனி மனிதவளத் துறையில் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே பெயரைச் சரிசெய்துவிடுங்கள். வேலையை விட்ட தேதியை அவர்கள் பதிந்தார்களா என்றும் பாருங்கள். அப்புறம், ஆதாரோடு இணைத்த சிம் கார்டு. பி.எஃப்., வருமான வரி, வங்கி எல்லாவற்றின் ஓடிபியும் அதற்குத்தான் வரும். சர்வதேச ரோமிங் வசதி போட்டு எடுத்துப் போங்கள், ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருவோம். மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை இந்தியாவில் வசிப்பவராக விற்றால், பணவீக்கக் குறியீட்டோடு 20% அல்லது குறியீடு இல்லாமல் 12.5%, எது குறைவோ அந்த வரி. குறியீடு என்றால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி லாபத்தைக் கணக்கிடுவது. உங்கள் 38 லட்சம், 2025-26 குறியீட்டின்படி 59.5 லட்சமாகிறது. லாபம் 25.5 லட்சம், வரி 5.1 லட்சம். வெளிநாடுவாழ் இந்தியராக விற்றால் அந்தச் சலுகை இல்லை. 47 லட்சம் லாபத்துக்கு 12.5%, அதாவது 5.87 லட்சம். செஸ் தனி. வித்தியாசம் 78,000 ரூபாய் சொச்சம். இந்த 78,000-க்காக நான் வீட்டை விற்கச் சொல்லமாட்டேன். முதல் இரண்டு வருடத்தில் உங்கள் துறையில் வேலை அமையவில்லை, குழந்தைகளுக்கு ஒத்துவரவில்லை, பெற்றோருக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது வந்தால், திரும்பி வந்து நிற்க ஒரு வீடு இருப்பதன் மதிப்பு இதைவிடப் பல மடங்கு. இன்று 85 லட்சத்துக்கு விற்றுவிட்டு மூன்று வருடம் கழித்து அதே தெருவில் அதே விலைக்கு வாங்கிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டை வைத்துக்கொண்டால் கவனிக்க வேண்டியவை உண்டு. மாதம் 20,000 வாடகைக்கு விட்டால், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் குடியிருப்பவர் 31.2% டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். கையில் வருவது 13,760, தவணையோ 16,500. மாதம் இரண்டாயிரத்து எழுநூறு சொச்சம் இடிக்கும். இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானம் குறைவு என்பதால் வரிக்கணக்கு தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பிவிடும், ஆனால் நடுவில் தவணை தவறக் கூடாது. பி.எஃப்-இல் மிஞ்சும் 2 லட்சத்தை அதற்காகவே என்ஆர்ஓ கணக்கில் விட்டுவையுங்கள்.

வாடகை வாங்க, வீட்டு வரி கட்ட, மின்வாரியத்துக்குப் போக ஒருவருக்குப் பவர் எழுதிக்கொடுங்கள், அப்பாவோ கூடப்பிறந்தவரோ. போகும் முன் இங்கேயே பதிவு செய்துவிட்டால் தூதரகம், சான்றொப்பம் என்று அலைய வேண்டாம். ஆனால் விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் என் பதில் இதுதான்.

இன்னொன்று, கனடாவில் இறங்கிய நாளில் உங்கள் வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வையுங்கள். கனடா வரித்துறை, நீங்கள் அங்கே குடியேறிய நாளின் மதிப்பைத்தான் வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும். பின்னாளில் விற்கும்போது அதற்கு மேல் ஏறியதற்கு மட்டும் அங்கே கணக்கு. இந்தத் தாள் இல்லாமல் பத்து வருடம் கழித்துத் தேடினால் நிரூபிப்பது கஷ்டம். ஃபண்டுக்கும் அதே தேதியின் மதிப்பைப் பதிவிறக்கி வையுங்கள். இந்தியச் சொத்துகளின் அடக்கவிலை மொத்தம் 1 லட்சம் கனடா டாலரைத் தாண்டுவதால், இரண்டாவது வரி ஆண்டிலிருந்து டி1135 என்ற படிவத்தில் அவற்றைக் காட்ட வேண்டும். பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. அந்தக் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. புதிதாகப் பணம் போட வேண்டாம் என்பது என் எண்ணம். மிச்சமுள்ள 7 லட்சம் ஃபண்ட் அப்படியே இருக்கட்டும். பெற்றோரின் அவசரச் செலவுக்கும், வேண்டிவந்தால் நீங்கள் திரும்பும் செலவுக்கும் அதுதான் பணம். எஸ்ஐபி ஓடினால் நிறுத்திவிடுங்கள். கனடாவில் வசிப்பவர்களிடம் புது முதலீடு வாங்காத ஃபண்ட் நிறுவனங்கள் பல.

எப்போது கிளம்புவது? முடிந்தால் ஆகஸ்ட். அங்கே பள்ளி செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கிறது, பனி தொடங்குவதற்குள் வீடும் வண்டியும் பார்த்துவிடலாம். வேலைக்காக வெளிநாடு போகிறவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பிவிட்டால் அந்த நிதியாண்டில் இங்கே தங்கிய நாள் 182-க்குள் நின்றுவிடும், அங்கே சம்பாதிப்பதற்கு இங்கே வரி வராது. ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இப்போது காத்திருப்புக் காலம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா என்றால் வந்த மாதத்தின் மிச்ச நாளும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். பல்லும் கண்ணாடியும் பெரியவர்களுக்கு அந்தக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது, நால்வருக்கும் கோவையிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

நகையில் பத்துப் பதினைந்து பவுனுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போவதை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, எடையும் மதிப்பும் எழுதி, இறங்கும்போது சுங்கத்தில் கொடுக்கும் பொருள் பட்டியலில் சேருங்கள். பிறகு விடுமுறைக்கு வந்துபோகும்போது அங்கே கேள்வி வராது. நம் விமான நிலையச் சுங்கத்திலும் கிளம்பும்போது ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பக் கொண்டுவரும்போது இங்கேயும் வரி கேட்கமாட்டார்கள். மீதியை லாக்கரில் வையுங்கள், லாக்கரில் உங்கள் அம்மாவையோ மாமியாரையோ கூட்டாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் இருவரும் ஊரில் இல்லாதபோது திறக்க ஓர் ஆள் வேண்டும்.