பழைய நட்சத்திரத்தைத் திரும்ப அழைக்கலாமா? ஹாக்கி கேள்வி பதில்

மதுரை வாசகர்: ஓய்வை நெருங்கும் நட்சத்திர ஆட்டக்காரரை இந்திய ஹாக்கி அணி மீண்டும் அழைப்பது சரியா?

யாரை வெளியே அனுப்பிவிட்டு, எந்த நிமிடங்களில் இறக்குவதற்கு? அதைச் சொல்லாமல் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒலிம்பிக் அணியில் 16 பேருக்குத்தான் இடம். ஓரிடத்தை நன்றிக்கடனாகக் கொடுத்தால், 21 வயதுப் பையன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பான்.

கோவில்பட்டி வாசகர்: அப்படியானால் 2018இல் நடுக்கள ஆட்டக்காரர் சர்தார் சிங்கைத் திரும்ப அழைத்தது தவறா?

தவறில்லை. கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் பயிற்சியாளர் மரைன் அவரைச் சேர்க்கவில்லை. இந்தியா நான்காவதாக வந்தது. மே மாதம் பொறுப்பேற்ற ஹரேந்திர சிங் அவரை அழைத்துக்கொண்டார். நெதர்லாந்தின் பிரெடாவில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய், ஷூட் அவுட்டில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று வெள்ளி. ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மலேசியாவிடம் அரையிறுதியில் விழுந்து வெண்கலம். செப்டம்பரில், 32 வயதில், சர்தார் விடைபெற்றார். இதில் எது அவரால், எது அவர் இல்லாததால் என்று பிரித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்வேன். வயதான நடுக்கள ஆட்டக்காரரை எடைபோடும்போது, பந்து அவர் மட்டையில் இருக்கையில் பார்க்காதீர்கள்; அழகில் மயங்கிவிடுவீர்கள். பந்து பறிபோன பிறகு பாருங்கள். உடனே திரும்பி ஓடுகிறாரா, கை முழங்காலுக்குப் போகிறதா? ஆஃப்சைடு விதி (தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் காத்து நிற்கக் கூடாது என்பது) ஒழிந்தபின் எதிரணியின் ஒரே நீண்ட பந்து கோல் வட்டத்துக்குள் வந்துவிடும். எங்கள் ஊர் அணிக்கு 38 வயதில் நானும் ஒருமுறை திரும்பி இறங்கினேன். இரண்டாம் பாதி முழுக்க நான் பார்த்தது எதிரணிப் பையனின் முதுகு எண்ணைத்தான்.

சேலம் வாசகர்: ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முன்கள ஆட்டக்காரர் தன்ராஜ் பிள்ளையை அவமானப்படுத்தினார்களே?

2004இல் அவருக்கு 36 வயது. மிகக் குறைந்த நேரமே களத்தில் விட்டார்கள். வருத்தமான விடைபெறல்தான்.

திருச்சி வாசகர்: தன்ராஜுக்கு ஏதென்ஸில் நடந்தது நியாயமா?

மேலே பாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: "வருத்தம்" என்று நழுவாதீர்கள். முந்தைய ஆண்டுதான் அவர் தலைமையில் ஆசியக் கோப்பையை வென்றோம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி இருக்கும்போது, ஐந்தைந்து நிமிடமாக இறக்கியிருக்கலாமே?

இதுதான் கேள்வி! ஒப்புக்கொள்கிறேன், இறக்கியிருக்கலாம். ஆனால் ஐந்தைந்து நிமிடமாக ஆட ஒப்புகிற மனிதரா அவர்? மைதானம் முழுவதும் ஓடிக் கோபத்தோடு ஆடியவர். ஒப்புவாரா என்பதை அணி அறிவிப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். ஜெர்மன் பயிற்சியாளர் கெர்ஹார்ட் ராக் போட்டிக்குச் சற்று முன்புதான் வந்தார். பெயருக்காக ஒருவரை எடுத்துவிட்டுப் பயிற்சியாளர் கணக்கில் அவர் இல்லாமல் போனால், அவருக்கும் அநியாயம், அந்த இடத்தை இழந்தவருக்கும் அநியாயம். ஏழாவது இடம்தான் மிச்சம்.

தூத்துக்குடி வாசகர்: அப்படியென்றால் குற்றம் தேர்வாளர்களுடையது?

பெரும்பாலும். நெதர்லாந்தைப் பாருங்கள்: 2012இன் தொடக்கத்தில் மூத்த நட்சத்திரம் டூன் டி நோயரைக் கழற்றிவிட்டு, பிறகு பயிற்சி முகாமுக்கு அழைத்து, அங்கே மற்றவர்களோடு போட்டியிட வைத்து, லண்டன் ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போனார்கள். 36 வயதில் வெள்ளி. அவரோடு நீக்கப்பட்ட டேகே டேகமாவுக்கு இடம் கிடைக்கவில்லை. மரியாதை இருவருக்கும், டிக்கெட் ஒருவருக்கு.

சென்னை வாசகர்: ஸ்ரீஜேஷும் 36 வயதில்தானே பாரிஸில் ஆடினார்?

கோல்கீப்பர் வேறு ஜாதி. கால் தளர்ந்தாலும் கண்ணும் கணிப்பும் கூர்மையாகும். தவிர, அவர் போய்த் திரும்பியவர் அல்ல.

ஈரோடு வாசகர்: பெனால்டி கார்னருக்கு மட்டும் ஒரு மூத்தவரை வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், உடம்பு ஒத்துழைத்தால். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து கோலுக்கு வீசும் டிராக் ஃப்ளிக் இடுப்பையும் முதுகையும் தின்னும். அதில் பெயர் பெற்ற ருபிந்தர் பால் சிங் 2021இல் ஓய்வு அறிவித்து, 2022 ஆசியக் கோப்பைக்குக் கேப்டனாகத் திரும்பி வந்தார். மணிக்கட்டில் காயம், தொடரில் ஆடவே இல்லை.

வேலூர் வாசகர்: என் பையனுக்கு 12 வயது, எந்த மட்டை வாங்கலாம்?

அவனுடைய பயிற்சியாளரைக் கேளுங்கள்.

நாமக்கல் வாசகர்: தன்ராஜ் ஏதென்ஸில்...

தூத்துக்குடிக்காரரிடம் பேசுங்கள். எனக்கு ஆறு மணிக்குப் பயிற்சி இருக்கிறது.