வேப் டேங்க் அடியில் ஒழுகுகிறது, பஞ்சைக் கூட்டினால் கருகுகிறது. என்ன செய்வது?

கேட்டவரின் தம்பி மலேசியாவில் வேலை செய்கிறாராம். வேப் என்னும் இ-சிகரெட்டில் ஜூஸ், அதாவது ஆவியாகும் திரவம், நிற்கும் பாத்திரம்தான் டேங்க். அதில் சூடாகும் கம்பிச் சுருளான காயிலையும் ஜூஸை உறிஞ்சும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளும் ரகம், அதாவது ஆர்டிஏ, வைத்திருக்கிறார். இரவு வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் காற்றுத் துவாரம் வழியாக ஜூஸ் வழிந்து கிடக்கிறது. பஞ்சை அதிகமாகத் திணித்தால் ஒழுகல் நிற்கிறது, ஆனால் நாலு இழுப்பில் கருகல் வாடை அடிக்கிறது. கடைக்காரர் புது டேங்க் வாங்கச் சொல்கிறார்.

வாங்க வேண்டாம். இது இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான்.

நான் கீழக்கரைப் பக்கம். கோலாலம்பூரில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஆறு வருஷம் ரொட்டி சானாய் (அங்கத்திய பரோட்டா) தட்டினேன். சிகரெட்டை விடுகிறேன் என்று வேப்புக்குப் போய், கொஞ்ச நாள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவன். அதனால் இதை நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. ஒழுகலோடு மட்டும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் உம்மா கோழிக்குத் தண்ணீர் வைப்பதைச் சொன்னால் டேங்க் புரிந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பக்கம் சின்ன ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, தட்டில் கவிழ்த்து வைப்பார். தட்டில் தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு ஏறியதும் நின்றுவிடும். கோழி குடித்து மட்டம் இறங்கினால் ஒரு குமிழி உள்ளே போகும், அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே வரும். மேலே நிற்கும் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு குத்து குத்துங்கள், தட்டு நிரம்பித் தரையெல்லாம் ஓடிவிடும்.

டேங்கும் அதேதான். ஜூஸ் கீழே கொட்டாமல் நிற்பதற்குக் காரணம் மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கொஞ்சம் குறைவாக இருப்பது. நாம் இழுக்கும்போது பஞ்சில் இருக்கும் ஜூஸ் ஆவியாகிறது, நனைந்த பஞ்சு வழியாகக் குமிழி மேலே ஏறுகிறது, புது ஜூஸ் இறங்குகிறது. பஞ்சு தளர்வாக இருந்தால் காற்று இஷ்டத்துக்கு உள்ளே போகும், ஜூஸ் இஷ்டத்துக்கு வெளியே வரும். நெருக்கமாக இருந்தால் காற்று போகாது, ஜூஸும் வராது, காய்ந்த பஞ்சு கருகும். வள்ளத்து எஞ்சினில் டீசல் லைனில் காற்று புகுந்தால் எஞ்சின் நிற்கும். இங்கே காற்று புகாவிட்டால் ஜூஸ் நிற்கும்.

சரி, முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டேங்கை நன்றாகத் துடைத்து, டிஷ்யூ பேப்பர் மேல் நிறுத்தி ஒரு மணி நேரம் விடட்டும். காற்றுத் துவாரத்தில் சொட்டு நின்றால் பெரும்பாலும் பஞ்சு. கண்ணாடி அடியில் உட்காரும் இடத்தில் வளையமாக ஈரம் தெரிந்தால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அல்லது கண்ணாடியில் விரிசல். வாய் வைக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் பிசுபிசுப்பு என்றால் அது ஒழுகலே இல்லை, ஆவி குளிர்ந்து படிந்தது.

உங்கள் தம்பிக்குப் பஞ்சுதான் என்று நினைக்கிறேன். பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். காயில் கூடவே கோணிக்கொண்டு வந்தால் அதிகம், வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. இதுவரை எல்லாரும் சரியாகச் செய்வார்கள். தவறு வால் பகுதியில். எனக்குக் காட்டிக்கொடுத்தது தெருமுனைக் கடையில் இருந்த ஒரு மலாய்ப் பையன். காயிலுக்கு இரண்டு பக்கமும் நீட்டி நிற்கும் பஞ்சு வாலை, டெக்கின் (காயில் உட்காரும் தட்டின்) வெளி விளிம்பு அளவுக்கு வெட்டினான். அப்புறம் ஊசி முனையால் வாலை மட்டும் தலை சீவுகிற மாதிரி சீவினான். கால்வாசிப் பஞ்சு கழன்று வந்தது. மிச்சத்தை ஜூஸால் நனைத்து, ஜூஸ் இறங்கும் பள்ளத்தின் மேல் படுக்க வைத்தான். திணிக்கவில்லை, மூடினான். பள்ளத்தின் ஓரத்தில் ஊசி நுழையும் இடைவெளிகூட இல்லை, ஆனால் பஞ்சு இறுகவும் இல்லை. அதாவது காயிலுக்குள் நெருக்கம், வாலில் மென்மை. நான் அதுவரை தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு இழைகூட மரையில் மாட்டாமல் மேல்மூடியைத் திருக வேண்டும். மாட்டினால் அந்த இழையே திரியாகி ஜூஸை வெளியே கொண்டுவரும்.

நிரப்பும்போதும் ஒரு விஷயம் உண்டு. மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்த வித்தியாசம் போய்விடுகிறது. அதனால் திறக்கும் முன்பே காற்று வளையத்தை (காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடும் வளையம்) மூட வேண்டும், ஜூஸ் இறங்கும் வழியை அடைக்கும் ஜூஸ் கண்ட்ரோல் இருந்தால் அதையும். கழுத்துவரை ஊற்றாமல் ஒரு குமிழிக்கு இடம் விட வேண்டும். மூடியைத் திருகும்போது உள்ளே காற்று நசுங்கி ஜூஸைக் கீழே தள்ளும், ஆகவே மூடியதும் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காற்று வளையத்தைத் திறந்துவிட்டு, பிறகு நிமிர்த்தினால் ஒரு சொட்டும் வராது.

இதையெல்லாம் செய்தும் எனக்கு ஒரு மாதம் ஒழுகியது. அறையில் இருக்கும்போது சுத்தம், கடைக்குப் போனால் பேண்ட் பாக்கெட் முழுக்க மாம்பழ வாசம். பிறகுதான் உறைத்தது: நான் நின்றது ரொட்டிக் கல்லுக்கு எதிரே. பாக்கெட்டில் டேங்க் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், ஜூஸ் வெளியே தள்ளப்படும். சூட்டில் ஜூஸ் நீர்த்தும் போகும். பாதி காலியான டேங்கில் காற்று அதிகம் என்பதால் இன்னும் மோசம். விமானத்திலும் இதே கதைதான், அங்கே வெளி அழுத்தம் குறைகிறது. தம்பி சமையலறையிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கிறாரா என்று கேளுங்கள். ஜூஸில் இருப்பவை பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்), விஜி (வெஜிடபிள் கிளிசரின்). பிஜி அதிகமுள்ள ஜூஸ் நீர்த்தது, சீக்கிரம் ஒழுகும். நூற்றுக்கு 70 பங்கு விஜி உள்ளது கெட்டி. பழைய டேங்கின் சின்னத் துவாரத்துக்குக் கெட்டி ஜூஸ் போட்டால் கருகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழிந்த ஜூஸ் பேட்டரிப் பெட்டிக்குள் இறங்கினால் துடைத்துக் காயவைக்காமல் பட்டனை அழுத்தக் கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

ஊருக்கு வரும்போது கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 2019 இ-சிகரெட் தடைச் சட்டப்படி இங்கே இந்தியாவில் இறக்குமதி, விற்பனை எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நான் கிளம்பும்போது என்னுடையதை அறையில் இருந்த தொண்டிக்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கழுவுகிறேன் என்று முதல் நாளே ஓ-ரிங்கைக் குழாயடியில் விட்டுவிட்டு, "காக்கா (அண்ணே), அடியில ஒழுகுது" என்று போன் போட்டான்.