கொள்ளைநோய்க் கிராமத்தில் பேயை எங்கே நிறுத்துவது?

கேள்வி: நண்பர்கள் நால்வரும் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி விளையாடும் திகில் ரோல்பிளேயிங் ஆட்டங்களை, கதையைச் சொல்லி வழிநடத்தும் கேம் மாஸ்டராக இருந்து நடத்தி வருகிறேன். 1666இல் இங்கிலாந்தின் ஈம் கிராமத்தில் பரவிய கொள்ளைநோயைக் களமாக வைத்து மூன்று மணி நேர ஆட்டம் ஒன்றை எழுதுகிறேன். நோயைப் பரப்பியது ஒரு பிசாசு என்பதுதான் கதை. இதற்கு எவ்வளவு வரலாறு தெரிந்திருக்க வேண்டும்? விளையாடுபவர்கள் இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு தப்பித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பிசாசைத்தான். 1665 செப்டம்பர் முதல் 1666 நவம்பர் வரை ஈமில் இறந்தவர்கள் சுமார் 260 பேர் என்று சொல்லப்படுகிறது. அத்தனை சாவுக்கும் ஒரு பிசாசைக் காரணமாக்கினால், அதை வீழ்த்தியதும் நோய் நின்றுவிட வேண்டும். அப்படி நின்றுவிட்டால், ஊரைவிட்டு வெளியேறுவதில்லை என்று அந்த மக்கள் எடுத்த முடிவு பொருளற்றதாகிவிடும். இந்தக் களத்தின் அச்சம் முழுவதும் அந்த முடிவுக்குள்தான் இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது ஊரில் வழங்கிவரும் வரலாறு; அந்தத் துணியை உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவரே முதலில் இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த நோய் அடுத்த கோடையில் மீண்டும் சீறி எழவே, போதகர் வில்லியம் மோம்பெசன், அவருக்கு முன்பு அதே ஊரில் ஊழியம் செய்து பதவியை இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லியின் துணையோடு, எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊராரை இணங்க வைத்தார். தேவாலயத்தை மூடிவிட்டுத் திறந்தவெளியில் வழிபட்டார்கள். அந்தந்தக் குடும்பம் தன் பிணத்தைத் தானே புதைத்தது. எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் காடியை (வினிகரை) ஊற்றி அதில் காசைப் போட்டு வைக்க, வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றார்கள்.

ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். அரசர் யார், போர் எங்கே நடந்தது என்பதெல்லாம் மேசைக்கு வரத் தேவையில்லை. விளையாடுபவர்களின் கை எதைத் தொடும், மூக்கு எதை முகரும், யாரிடம் அவர்கள் தலைகுனிவார்கள் என்பவற்றை மட்டும் திருத்தமாகத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் நடத்துவதாக இருந்தால், மோம்பெசனை யாரும் 'ஃபாதர்' என்று அழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மணமான ஆங்கிலிக்கன் போதகர். நம் ஊர்ச் சீர்திருத்த சபைகளில் வழங்கும் 'ஐயர்' என்ற விளியே அவருக்குப் பொருந்தும். ஊரின் பெயரையும் 'ஈம்' என்றே உச்சரியுங்கள். ஈமக்கடன், ஈமத்தாழி என்ற சொற்களோடு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு அந்தப் பெயரே ஒரு நடுக்கத்தைத் தரும்.

இன்றைய அறிவைக் கண்டு அஞ்ச வேண்டாம். இந்த நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல்; தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது என்று பால்-லூயி சீமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல். 1666இல் வாழ்ந்தவர்களுக்குக் கெட்ட காற்றும் கடவுளின் சினமும்தான் விளக்கங்கள். உங்கள் நண்பர் ஒருவர் துணிகளைக் கொளுத்தச் சொன்னால் தடுக்காதீர்கள். அந்தக் குளிர்ப்பிரதேசத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் ஒரே போர்வையை ஏன் நெருப்பில் போட வேண்டும் என்பதை அவருடைய கேரக்டர் தன் வாயால் விளக்கட்டும். மருந்து எப்படியும் கிடையாது. எல்லையைத் தாண்டினால் தன் உடையோடு எது பக்கத்து ஊருக்குப் போகும் என்பது விளையாடுபவருக்குத் தெரிந்திருப்பதால், தாண்டுவது இன்னும் கடினமாகிறது.

அப்படியானால் அமானுஷ்யத்துக்கு எங்கே இடம்? எல்லைக்கல்லுக்கு அப்பால். நோயைத் தராத, யாரையும் கொல்லாத ஒன்று இரவில் அங்கே வந்து நிற்கட்டும்; இறந்துபோன மகளின் குரலில், 'உனக்குத்தான் நோய் இல்லையே, வந்துவிடு' என்று கூப்பிடட்டும். காசு வைக்காத நாளிலும் காலையில் கல்லின்மேல் ஒரு ரொட்டி கூடுதலாக இருக்கட்டும். அதற்கு வேண்டியது ஒருவர் அடியெடுத்து வைப்பது மட்டுமே. மோம்பெசன் தம் இரு பிள்ளைகளை முன்னதாகவே யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார் என்பது வரலாறு. உடன் தங்கிய மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார். 'ஐயருடைய பிள்ளைகள் போகலாம், என் பிள்ளை போகக் கூடாதா?' என்று ஓர் ஊரார் கேட்கும் காட்சியைக் கட்டாயம் வையுங்கள். எந்தப் பேயையும்விட அந்தக் கேள்வி உங்கள் நண்பர்களைத் திணறடிக்கும்.

அச்சத்தில் கேரக்டர் மனநிலை இழக்கிறதா என்பதை முடிவுசெய்யும் நூறு மதிப்புப் பகடையை ஒவ்வொரு பிணத்துக்கும் உருட்ட வைக்காதீர்கள். சாவை அடிக்கடி கண்ட காலம் அது. சொந்த வீட்டுச் சாவுக்கும் எல்லைக் குரலுக்கும் மட்டும் உருட்டினால் போதும். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தார். அவரைப் போன்ற உண்மையான மனிதர்களை விளையாடுவதற்குக் கொடுக்காதீர்கள். கேரக்டர்களுக்குக் கற்பனைக் குடும்பம் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் ஈமில் இன்றும் அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்களுக்காக வழிபாடு நடக்கிறது.

தேதி குறிப்பதற்கு முன்பு நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். கொரோனா காலத்தில் உறவினரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நால்வரில் ஒருவர் தயங்கினாலும் காரணம் கேட்காமல் வேறு களத்தைத் தேர்ந்தெடுங்கள்.