கப்பலில் நார்வே: வாசகர் கேள்வி–பதில்

அடுத்த கோடையில் நார்வே ஃபியோர்டுகளுக்கும் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்) அதற்கு வடக்கே உள்ள தீவுகளுக்கும் கப்பலில் போக நினைப்பவர்கள் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: அப்பச்சிக்கு மணிவிழா முடிந்ததும் ஆத்தாவையும் அவர்களையும் அனுப்பலாம் என்றிருக்கிறோம். ஏஜென்ட் ஏழு இரவுத் திட்டம் இரண்டு காட்டுகிறார். ஒன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கப்பலேறுவது, மற்றது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். இரண்டாவதில் ஆளுக்கு முப்பதாயிரம் குறைவு. எதைப் பிடிப்பது? (காரைக்குடி வாசகர்)

பதில்: அந்த முப்பதாயிரம் கையில் நிற்காது. சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிரிட்டன் விசா தனி, நார்வேக்கான ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) தனி. கட்டணம் இரண்டு, கைரேகை இரண்டு தடவை. ஒரு விசா முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கோபன்ஹேகனுக்கு ஷெங்கன் ஒன்றே போதும்.

அதைவிட முக்கியமாக ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள்: கப்பல் ஃபியோர்டுக்குள் எத்தனை மணி நேரம் இருக்கும், எந்த நேரத்தில் இருக்கும்? துறைமுகப் பட்டியலைப் பார்த்தால் இது தெரியாது. பெர்கன், ஸ்டாவாங்கர், ஓலசுண்ட் மூன்றும் நல்ல ஊர்கள்தான். 1904 ஜனவரியில் தீயில் அழிந்து ஒரே பாணியில் திரும்பக் கட்டப்பட்ட ஓலசுண்டை நம் பக்கத்து வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் ரசிப்பார்கள். ஆனால் மூன்றும் கடலோரத்து ஊர்கள். இவற்றை மட்டும் அடுக்கி ‘ஃபியோர்டு பயணம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஃபியோர்டின் உள்ளே இருக்கும் ஃப்ளாம், கெய்ராங்கர், ஓல்டன், ஐட்ஃபியோர்டு ஆகிய நாலில் குறைந்தது இரண்டு ஊர் இல்லாத திட்டத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

ஃப்ளாம் இருப்பது சோங்னெ ஃபியோர்டின் ஒரு கிளையின் கடைசியில். சோங்னெ 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 1,300 மீட்டர். பனியாறு அறுத்த பள்ளத்தில் கடல் புகுந்ததால், கரையை ஒட்டியே பெரிய கப்பல் போகிற அளவுக்கு ஆழம் இருக்கிறது. கடல்வாயிலிருந்து ஃப்ளாம் சேர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அட்டவணையில் ‘காலை 8 மணி, ஃப்ளாம்’ என்றிருந்தால் விடிவதற்கு முன்பே கப்பல் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். ஜூனில் நாலரைக்கே நல்ல வெளிச்சம். அப்போதே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மேல்தளத்தின் முன்பக்கம் போய்விட வேண்டும். எட்டரைக்கு இட்லி தேடி பஃபேக்கு வருகிறவர், காசு கொடுத்த காட்சியில் பாதியைத் தூங்கியே தொலைத்தவர். சாயங்காலம் ஐந்துக்குப் புறப்படும் கப்பல் என்றால் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். இரவு பத்துக்குப் புறப்பட்டால் அதுவும் அரைகுறைதான்.

ஃப்ளாமில் இறங்கியதும் எல்லாரும் ஓடுவது மிர்டால் ரயிலுக்கு. 20 கிலோமீட்டர், 20 சுரங்கம், ஒரு மணி நேரத்தில் 860 மீட்டருக்கு மேல் ஏறும். நல்ல ரயில். ஒரே நாளில் இரண்டு கப்பல் வந்தால் டிக்கெட் கிடைக்காது, ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எங்கள் ஓட்டு படகுக்கு. நேரோய் ஃபியோர்டு வழியே குட்வாங்கன் வரை மின்கலத்தில் ஓடும் படகு இரண்டு மணி நேரம் போகும். குறுகின இடத்தில் ஃபியோர்டின் அகலம் 250 மீட்டர்தான், எஞ்சின் சத்தமும் இல்லை. திரும்புவதற்குப் பஸ் உண்டு.

கெய்ராங்கரில் உள்ளே போகும்போது இடப்பக்கம் நில்லுங்கள். ஏழு சகோதரிகள் அருவி அந்தப் பக்கம். அதற்கு நேர் எதிரே ஒற்றையாக விழுவதற்கு ‘பெண் கேட்டு வந்தவன்’ என்று பொருள்படும் பெயர். பனி உருகும் மே கடைசி, ஜூனில் ஏழும் கொட்டும். ஆகஸ்டில் மழை இல்லையென்றால் மூன்று நாலாகச் சுருங்கிவிடும். பாறை விளிம்பில் 250 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய பண்ணைவீடு தெரியும். வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம், அந்த ஊர்க் கதை.

ஒரு எச்சரிக்கை: கெய்ராங்கர், நேரோய் உள்ளிட்ட உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 10,000 டன் கொள்ளளவுக்குக் கீழான பயணக் கப்பல்கள் 2026 ஜனவரி முதல் புகையில்லாமல் ஓட வேண்டும் என்பது நார்வே அரசின் விதி. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை. சிறிய கப்பலில் போகிறவர்கள், அட்டவணையில் கெய்ராங்கர் உறுதிதானா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் ஃபாரோ தீவுகள், ஸ்வால்பார்டு எல்லாம் போய் வரலாம் என்கிறார்களே? (தேவகோட்டை வாசகர்)

பதில்: முழுக்க நம்பாதீர்கள். நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து மூன்றும் ஷெங்கனுக்குள். ஃபாரோ டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தாலும் ஷெங்கனில் சேராது. விசா ஸ்டிக்கரிலேயே ‘ஃபாரோவுக்கும் செல்லும்’ என்று அச்சாகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆளுகையில் வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள தீவுக்கூட்டம். அதற்குள் கால் வைக்க விசாவே வேண்டாம், அந்தத் தீவுகள் பற்றிய 1920 பன்னாட்டு ஒப்பந்தத்தின் பலன் அது. சிக்கல் திரும்பும்போதுதான். ஸ்வால்பார்டு போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. சிங்கிள் என்ட்ரி விசா அதோடு தீர்ந்துபோகும், மறுபடி நார்வேக்குள் வர வழியில்லை. மல்டிபிள் என்ட்ரி என்று போட்டு வாங்குங்கள். கப்பல் கம்பெனிகள் இதை ஏறும் இடத்திலேயே பார்ப்பார்கள். தாள் சரியில்லை என்றால் பெட்டியோடு கரையில் நிற்க வேண்டியதுதான், கட்டிய பணமும் வராது.

எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஜூன் பயணத்துக்குத் தை மாதமே போய்விட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் அவர்கள் சாப்பாட்டையே சாப்பிட முடியாது. உப்புக்கண்டமும் நெய்யும் பலகாரமும் கொண்டுபோகலாமா? வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும். சூரியனே மறையாத ஊரில் சாயங்காலம் எது? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: ஆச்சி, உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகத் தடை, நெய்யும் பால்பவுடரும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. பருப்புப்பொடி, ஊறுகாய், தேன்குழல், சீப்புச்சீடை போகட்டும். கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் கப்பலில் மறுக்க மாட்டார்கள். டப்பாவில் போட்ட வீட்டுப் பலகாரத்தைச் சில கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாவுருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். கோபன்ஹேகன் போவதற்குள் உதிர்ந்து பெட்டித் துணியெல்லாம் பயத்தமாவு ஆகிவிடும்.

கப்பலில் சைவச் சாப்பாட்டை டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்து, மீன் வேகவைத்த சாறுகூடச் சேரக் கூடாது என்று சொல்லுங்கள். அவர்கள் ‘சைவம்’ என்று தரும் சூப்பில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மறுநாள் சோறும் பருப்பும் வேண்டுமென்றால் முந்தின இரவே சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். தயிர் காலை பஃபேயில் தாராளம். கேபினுக்குள் மின்சார கெட்டில், இம்மர்ஷன் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி எதுவும் கூடாது. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள்.

தீக்குச்சி, கற்பூரம், திரி விளக்கு ஒன்றும் ஆகாது, கப்பலில் நெருப்பைவிடப் பெரிய பயம் இல்லை. பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்கு ஊர்க்கணக்கே சுலபம்: காரைக்குடியில் மாலை ஆறு என்றால் கோடையில் நார்வேயில் பகல் இரண்டரை.

கேள்வி: ஜூனில் போனால் நள்ளிரவுச் சூரியனையும் வானில் ஆடும் பச்சை வெளிச்சத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா? பால்கனி அறை எடுத்தால்தான் தெரியுமா? (புதுவயல் வாசகர்)

பதில்: முடியாது. துருவ ஒளிக்கு இருட்டு வேண்டும், ஜூனில் அங்கே இருட்டே கிடையாது. அதற்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை போக வேண்டும். இரண்டையும் காட்டுவதாக விளம்பரம் இருந்தால் அந்த ஏஜென்டை மாற்றுங்கள்.

நள்ளிரவுச் சூரியனுக்கு ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்ட வேண்டும். டிரோம்சோவில் சுமார் மே 20 முதல் ஜூலை 22 வரை, வடமுனை என்கிற நூர்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை, ஸ்வால்பார்டின் லாங்இயர்பியனில் ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை. பெர்கன், கெய்ராங்கரோடு திரும்பும் ஏழு இரவுத் திட்டத்தில் இது வராது. அங்கே ஜூனில் இரவு பதினொன்றுக்குச் சூரியன் மறைந்துவிடும், ஆனால் முழுக்க இருட்டாது. நூர்காப் 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. மூடுபனி வந்தால் பக்கத்தில் நிற்பவர் முகமும் தெரியாது, அதற்கு யாரும் பணம் திருப்பித் தர மாட்டார்கள்.

பால்கனி ஆசை இருக்கட்டும். ஃபியோர்டின் இரு பக்கமும் பார்க்க வேண்டியது, பால்கனியில் ஒரு பக்கம்தான். நாங்கள் சொல்வது ஜன்னலில்லாத உள்ளறை. விலை குறைவு, ராத்திரி கும்மிருட்டு, தூக்கம் வரும். நாளெல்லாம் மேல்தளத்தில் நில்லுங்கள். கரையோரமாக வடக்கே போகும் திட்டத்தில் பால்கனி எடுத்தே தீருவேன் என்றால் வலப்பக்கம் கேளுங்கள், கரை அந்தப் பக்கம்.

ஸ்வால்பார்டு வரை போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே நீ-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பில் 2008 முதல் ‘ஹிமாத்ரி’ என்ற நம் நாட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. லாங்இயர்பியன் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள், பனிக்கரடி உண்டு. துப்பாக்கியோடு வரும் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வேண்டாம்.

கேள்வி: அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் கடல் மயக்கம். போகலாமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: ஃபியோர்டுக்குள் தண்ணீர் ஊருணி மாதிரி அசையாமல் கிடக்கும். ஆட்டம் வருவது வட கடலைக் கடக்கும்போது, ஸ்டாட் முனையைச் சுற்றும்போது, ஸ்வால்பார்டுக்குப் போகும் திறந்த கடலில். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரிவது போலத்தான். மயக்க மாத்திரையை ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பின் போட்டால் அதுவும் வெளியே வரும். கண் அழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அப்பத்தாவுக்கு டெண்டர் துறைமுகம்தான் தொல்லை. கப்பல் நடுத்தண்ணீரில் நின்று, சிறு படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். படகும் கப்பலும் ஏறி இறங்கும்போது ஓர் அடி எடுத்துத் தாண்ட வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களை அன்று இறக்காமலே விடுவதும் உண்டு. அட்டவணையில் எந்த ஊர் டெண்டர், எந்த ஊரில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் உள்ள நாற்காலி ஏறி இறங்க மட்டும், ஊர் சுற்ற உங்களுடையது வேண்டும். மாத்திரையெல்லாம் கைப்பையில். காப்பீட்டில் கப்பல் பயணமும் பழைய நோயும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: லோஃபோடன் தீவுகளில் மரச்சட்டம் முழுக்க மீன் தொங்கும் படம் பார்த்தேன். நம் கருவாடு மாதிரியா? ஜூலையில் பார்க்கலாமா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும். அதற்கு இரண்டும் கிடையாது, வெறும் குளிர்காற்று. காட் மீன் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட ஜனவரிக்கு மேல் லோஃபோடன் வரும். குடலும் தலையும் எடுத்து, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, பிப்ரவரி முதல் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். உறைகிற அளவுக்குக் குளிர் அதிகமானால் சதை பிளந்துபோகும், சூடு கூடினால் ஈ மொய்க்கும். பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும் அந்தத் தீவின் குளிர்தான் இந்தத் தொழிலுக்கு முதல். தலைகளைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுகிறார்கள். ஜூனுக்குள் மீனை இறக்கிவிடுவார்கள், ஜூலையில் வெறும் சட்டம்தான் நிற்கும். வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

கேள்வி: என்ன துணி எடுத்துவைப்பது? சேலை கட்டலாமா? (கோனாபட்டு வாசகி)

பதில்: உள்ளே சாப்பாட்டுக்கூடத்துக்குச் சேலை அழகாக இருக்கும். மேல்தளக் காற்றுக்கு ஆகாது. ஜூலையிலும் பெர்கனில் 15 டிகிரிக்கு முன்பின், ஸ்வால்பார்டில் 5, 7 டிகிரி. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. பருத்தி நனைந்தால் காயாது, நனைந்த பருத்திதான் குளிரை உள்ளே கொண்டுவரும். பெர்கனில் குடை திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். வாங்கி வர ஸ்வெட்டர் நல்ல சாமான். ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டி வேண்டுமென்றால் அங்கே தேட வேண்டாம், காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடக்கிறது.

கேள்வி: போன் ரோமிங் பேக் போட்டால் போதுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கரையில் போதும். நடுக்கடலில் கப்பலுக்கென்று தனி செயற்கைக்கோள் நெட்வொர்க் உண்டு, ஐரோப்பா பேக்கில் அது சேராது. தூங்கும்போது போன் தானே அதில் ஒட்டிக்கொண்டு, ஊருக்கு வந்த பின் பில் வரும். கப்பல் நகர்ந்ததும் ஃப்ளைட் மோடு. இன்னொன்று: போன் கரைக்கடிகாரத்தைக் காட்டும், கப்பல் தன் கடிகாரத்தில் கிளம்பும். ஃபாரோ நார்வேயைவிட ஒரு மணி நேரம் பின்னால், ஐஸ்லாந்து இரண்டு மணி நேரம் பின்னால். கப்பல் நேரத்தை மாற்றவில்லை என்றால் நீங்கள் ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்று காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அது துறையை விட்டிருக்கும். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாகப் பிடித்த டாக்ஸிக்குக் காத்திருக்க மாட்டார்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள்.