அடைப்புக்குறிக்குள் ஓர் அக்கா

கேள்வி: எனக்கு 23 வயது. கோத்தகிரி பக்கம் கிராமம். குன்னூரில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். சீசனில் லீவே கிடைக்காது. மேலே வருகிறவர்களுக்கு வழி சொல்லி, போட்டோ எடுத்துக் கொடுத்தே இரண்டு மாதம் போய்விடும். இந்தப் பனியும் டீத்தோட்டமும் சலித்துவிட்டது. ஜூன் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் மூன்று நாள் ஏதாவது ஒரு சிட்டிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கொச்சி, மைசூர், சென்னை, இந்த மூன்றில் எது நல்லது? தலைக்கு 4500 ரூபாய்தான் முடியும். பஸ் 700, தங்க 1500, சாப்பாடு 1200, நுழைவுக் கட்டணம் 400, டீ, நொறுக்குத்தீனி 300, கைச்செலவு 400 என்று போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இலை பறிக்கப் போகிறார். நான் மூன்று நாள் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை (அக்கா எப்படியும் வீட்டில்தானே இருப்பாள்). இருந்தாலும் மனதில் ஓர் உறுத்தல். இந்த வயதில் ஊர் சுற்ற ஆசைப்படுவது தப்பா?

— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, முதலில் ஊர் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அது சுலபமானது.

ஜூன் கடைசியில் கொச்சி வேண்டாம். அப்போது கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருக்கும். கொச்சியின் சந்தோஷமே தண்ணீர் மேல்தான் இருக்கிறது. 2023ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, சில்லறைக் காசு டிக்கெட்டில் எறணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் அரசுப் படகு, சீன வலைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாலை நேரம். மழையில் இதெல்லாம் பாதிதான் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் போங்கள். கோவையிலிருந்து ரயிலில் நாலு மணி நேரப் பயணம். வெள்ளி, சனி தவிர்த்துப் போனால் மட்டாஞ்சேரி அரண்மனையும் 1568ல் கட்டிய யூதர் ஆலயமும் திறந்திருக்கும்.

சென்னைக்கு மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகிற நேரத்தில் சென்ட்ரல். தூங்கிக்கொண்டே போய்விடலாம், ஒரு ராத்திரி தங்கும் செலவும் மிச்சம். ஆனால் மலையில் வளர்ந்த உடம்பு ஜூன் மாதச் சென்னையைத் தாங்காது. முதல் நாள் மத்தியானமே ஏ.சி. அறை கேட்பீர்கள், நீங்கள் போட்ட 1500 அங்கேயே காலி. அதைப் பொங்கல் சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் போங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர், பந்திப்பூர் வழியாகச் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாநில அரசுப் பேருந்தும் ஓடுகிறது. சனிக்கிழமை காலை கிளம்பி திங்கள்கிழமை திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் நடுவில் ஞாயிறு கிடைக்கும். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அரண்மனை முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும். வெளி வளாகத்தில் நின்று அதைப் பார்க்கக் காசு வேண்டாம். பகலில் டிக்கெட் எடுத்து உள்ளேயும் பாருங்கள். பழைய மர அரண்மனை தீயில் போனபிறகு 1897ல் ஆரம்பித்து 1912ல் முடித்த கட்டடம் அது. சாமுண்டி மலைக்கு டவுன் பஸ் இருக்கிறது. ஆனாலும் போகும்போது படியேறிப் போங்கள். ஆயிரத்துச் சொச்சம் படி, வழியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. கோத்தகிரிக் கால்களுக்கு அது ஒன்றுமே இல்லை. தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடை வரிசையில் ஒரு மணி நேரம் சும்மா நடங்கள். 1892ல் தொடங்கிய மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய் விடுமுறை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தங்குவதற்கு அறை தேடாமல் படுக்கைக்குக் காசு வாங்கும் டார்மிட்டரியாகப் பார்த்தால் 1500ல் மிச்சம் பிடிக்கலாம்.

டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு நடை போய்வாருங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்து மர உத்தரங்கள் அங்கே இருந்த திப்பு சுல்தான் அரண்மனையில் பிரித்தெடுத்து மலையேற்றியவை. நம் மலையின் ஒரு துண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்த மாதிரியும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பந்திப்பூர்க் காட்டுச் சாலையை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். திங்கள்கிழமை மத்தியானத்துக்குள் பஸ் ஏறிவிடுங்கள். மழை நாளில் கூடலூர் மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது.

ஊர் விஷயம் முடிந்தது. இனி அந்த அடைப்புக்குறி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நொறுக்குத்தீனிக்கு 300 ரூபாய் எழுதத் தெரிந்திருக்கிறது. கணக்கு பார்க்கிற பிள்ளை அல்லவா, கூட்டிப் பார்த்தேன், சரியாக 4500 வருகிறது. அந்தக் கடிதத்தில் அக்காவுக்குக் கிடைத்தது நாலு வார்த்தை. அதுவும் அடைப்புக்குறிக்குள். அவள் வயது என்ன, என்ன படித்தாள், அப்பா விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள், எதுவும் இல்லை. ‘எப்படியும் வீட்டில்தானே இருப்பாள்.’

அந்த ‘தானே’யைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வாசலில் அம்மிக்கல் கிடக்கிறதே, அது எங்கே போய்விடப் போகிறது என்று சொல்கிற ‘தானே’ அது. அவள் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் வேறெங்கே இருக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்து எத்தனையோ வருடங்கள் ஆயிற்று. தம்பிகளும் அண்ணன்களும் இந்த ‘தானே’யைப் போட்டு எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. ஒருத்தர்கூட அதை எழுதும்போது கவனித்ததில்லை.

கணக்கையே பார்ப்போம். அம்மாவுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்ன என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை மூன்று நாள், ராத்திரியும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். அதையும் எழுதினால் 4500ல் எப்படி முடியும்? உங்கள் டூர் மலிவாக முடிவது அக்காவுக்குக் கூலி கிடையாது என்பதால்தான். இந்தச் செலவை இரண்டு வருடமாக அவள் தாங்குகிறாள். நோட்டில் அவள் பேருக்கு ஒரு வரி இல்லை.

இந்த வயதில் ஊர் சுற்ற ஆசைப்படுவது தப்பா என்று கேட்கிறீர்கள். தப்பில்லை என்று நான் சொன்னால் உறுத்தல் போய்விடும், நிம்மதியாக பஸ் ஏறலாம். சொல்ல மாட்டேன். அந்த உறுத்தல் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். நான் திருப்பிக் கேட்கிறேன். ‘இந்த வயது’ என்பது உங்களுக்கு மட்டும்தான் நடக்கிறதா? அக்கா என்றால் 25, 26 இருப்பாள். அவளுக்கு அந்தப் பனியும் டீத்தோட்டமும் சலிக்காதா? நீங்களாவது தினமும் குன்னூர் வரை பஸ்ஸில் போய் வருகிறீர்கள், நாலு முகம் பார்க்கிறீர்கள். அவள் பார்ப்பது ஒரே அறையின் ஒரே ஜன்னல். சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2024ல் நம் மலைக்கும் வந்துவிட்டது. ஊட்டிக்கு அவள் காசே இல்லாமல் போய் வரலாம். கடைசியாக எப்போது போனாள்? டிக்கெட் காசு அவளைத் தடுக்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை, அதுதான் தடுக்கிறது.

எனக்கும் ஓர் அக்கா இருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது தசராவுக்கு நானும் மைசூர் போனேன். வீட்டில் படுக்கையோடு இருந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள அக்கா இருந்தாள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு சந்தன சோப்பு வாங்கி வந்தேன். யானை, விளக்கு, கூட்டம் என்று ஒரு மணி நேரம் நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பஸ்ல ஜன்னல் ஓரம் கெடச்சுதா?” சோப்பை அவள் பிரிக்கவே இல்லை. புடவைகளுக்கு நடுவில் வாசனைக்கு வைத்துக்கொண்டாள். உனக்கு எங்கே போகணும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை. அதனால்தான் உங்களிடம் இத்தனை கோபம்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று உடனே பதில் எழுதிவிடாதீர்கள். அது எனக்கு வேண்டாம், அவளுக்கும் வேண்டியிருக்காது. தம்பியும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் போகிற இடத்தில் அவள் எதற்கு? அங்கேயும் பையைப் பார்த்துக்கொள், துணியைக் காயப்போடு என்றுதான் ஆகும். அப்புறம் அப்பாவை யார் பார்ப்பது? அம்மா கூலியை விட்டுவிட்டு உட்கார வேண்டும். ஒரு பெண்ணின் தோளிலிருந்து எடுத்து இன்னொரு பெண்ணின் தோளில் வைத்த மாதிரிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மைசூருக்கு முன்னால் ஒரு மூன்று நாள் லீவு போடுங்கள். அந்த மூன்று நாள் வீட்டில் நீங்கள். அக்கா வெளியே. அவள் கோவையில் தோழி வீட்டுக்குப் போவாளோ, கடல் பார்க்கப் போவாளோ, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பாளோ, அது அவள் முடிவு. நீங்கள் ஊர் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டாம். நான் இல்லாமல் முடியாது என்று முதலில் அவளே மறுப்பாள். இரண்டு வருடம் ஒரே வேலையைத் தனியாகச் செய்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுங்கள், உங்கள் கைச்செலவு 400லிருந்து ஆரம்பிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் அவளிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவை எழுப்பும்போது விழுந்த வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கஞ்சி கொடுப்பதானால் நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாய்ந்தபடி கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். படுத்தே இருக்கிற உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். ராத்திரியும்தான். பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போவது, வேட்டி மாற்றுவது எல்லாம் இத்தனை நாள் மகள் செய்கிறாள். அப்பாவுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று என்றைக்காவது நினைத்தீர்களா? மகன் இருக்கிற வீட்டில் அது மகன் செய்ய வேண்டிய வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சம்பளத்தில் பாதியை அம்மா கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரைக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பார்கள், பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அப்பா பெயர் ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். அக்காவுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா திரும்பி வந்தபிறகு மைசூருக்கு டிக்கெட் எடுங்கள். ஜூன் தவறி ஜூலை ஆனாலும் பரவாயில்லை, மைசூர் அங்கேயேதான் இருக்கும். கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அரண்மனை விளக்கு ஏழு மணிக்கு என்று நான் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இரவு மாத்திரை எத்தனை மணிக்கு என்று அதில் எழுதுங்கள், அக்காவைக் கேட்காமல்.