பறிக்கும்போது பளிச்சென்ற மாங்காய், பழுத்ததும் அழுகுவது ஏன்?

கேள்வி: உடுமலைப் பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கறமுங்க, பங்கனபள்ளியும் செந்தூரமும். பறிக்கறப்ப காயில ஒரு பொட்டுப் புள்ளி இருக்காது. பழுக்க வெச்சா கரும்புள்ளி விழுந்து, காம்படி அழுகிப் போகுது. யாவாரி எங்களைக் குத்தம் சொல்றாரு, நாங்க அவரு குடோனைச் சொல்றோம். இந்தப் பூசணம் எங்கிருந்துங்க வருது?

பதில்: பெரும்பாலும் உங்கள் தோப்பிலிருந்துதானுங்க. கரும்புள்ளி போடும் ஆந்த்ராக்னோஸ் பூசணம், பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே மழை ஈரத்தில் முளைத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். காம்படியை அழுக்கும் பூசணம் வேறு, அது கிளைக்குள்ளேயே குடியிருந்து காம்பு வழியாக வரும். இரண்டும் அறுவடைவரை முடங்கிக் கிடக்கக் காரணம், காய் அவற்றை வளரவிடுவதில்லை.

பச்சைக் காயின் தோலில் ரெசார்சினால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. பூசணத்துக்கு அவை ஆகாது. காம்பை ஒடித்தால் பீய்ச்சுகிறதே பால், அதிலும் அவை உண்டு. கூடவே கைட்டினேஸ் என்ற நொதியும் இருக்கிறது. பூசணத்தின் செல்சுவரில் உள்ள கைட்டினை அது அரித்துவிடும். காய் பழுக்கப் பழுக்க இந்தச் சரக்கெல்லாம் குறையும், தோல் இளகும், சர்க்கரை ஏறும். உள்ளே கிடந்த பூசணம் அப்போது கிளம்புகிறது. எத்திலீன் வாயு வைத்தோ கார்பைட் கல் வைத்தோ அவசரமாகப் பழுக்க வைத்தால் இந்த இறக்கமும் சீக்கிரம் நடக்கும். (கல் வைப்பது சட்டப்படி தடை என்பது யாவாரிக்கும் தெரியும்.)

இதனால்தான் காம்பை ஒட்ட ஒடிக்காதீர்கள் என்கிறேன். ஒடித்தால் பால் வெளியே போய்விடும், தோலில் வழிந்த இடமும் வெந்து கருக்கும். துறட்டியால் இழுத்துக் கீழே விழவிடாமல், கத்தியும் வலையும் உள்ள கோலால் காம்போடு அறுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காம்பு போதும். நீளமாக விட்டால் கிரேட்டில் பக்கத்துக் காயைக் குத்தும், அந்தக் காயம் வேறொரு பூசணத்துக்கு வழி. பறித்த காயை வெறும் மண்ணில் குவிக்க வேண்டாம்.

அன்றைக்கே 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்து, ஆறவைத்து, ஈரம் காய்ந்தபின் அடுக்குங்கள். தோலின் மேல்மட்டத்தில் உள்ள பூசணம் பெரும்பாலும் சாகும். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்வதானால் செய்யவே வேண்டாம், தோல் வெந்துவிடும். குளிர்கிடங்கில் வைத்தால் 13 டிகிரிக்குக் கீழே பச்சைக் காய் தாங்காது. குளிர் தாக்கிய காய்க்கு எதிர்ப்பும் போய்விடும்.

அடுத்த பருவத்துக்கு: யூரியாவைக் குறையுங்கள், தழைச்சத்து மிஞ்சிய மரத்துக் காய் அழுகலுக்குச் சீக்கிரம் ஆளாகும். காய்ந்த குச்சி, கருகிய பூங்கொத்துகளை அறுத்து எரியுங்கள். உள்கிளைகளைக் கழித்து வெயில் விடுங்கள். வெயில் பட்டுச் சிவந்த செந்தூரம், நிழலில் பச்சையாகவே நின்ற காயைவிட அழுகலைத் தாங்கும். பறிக்கும்போதே இரண்டையும் பிரித்து, நிழல்காயை முதல் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.