சி லைப்ரரி எழுதும்போது: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தராசு, ஜிபிஎஸ், காற்றாலை மீட்டர் என்று நம் மாவட்டத்து வேலைகளுக்காக சி மொழியில் லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) எழுதுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கோடிங் ஸ்டைல் என்றதும் பேச்சு டேப், ஸ்பேஸ் பக்கம்தான் போகிறது. ஆனால் லைப்ரரியில் முதலில் தீர்க்க வேண்டியவை ஹெடர் ஃபைலில் (லைப்ரரியைப் பயன்படுத்துபவர் தன் கோடில் சேர்க்கும் அறிவிப்பு ஃபைல்) உள்ள பெயர்களும், எந்த மெமரிக்கு யார் பொறுப்பு என்பதும். உள்ளே இருக்கும் கோடை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். வெளியே போய்விட்ட பெயரைத் திருத்தினால், அதை நம்பி எழுதிய அத்தனை பேருடைய புரோகிராமும் உடையும்.

தோவாளை வாசகர்: பூச்சந்தையில் எலக்ட்ரானிக் தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வாங்க ஒரு லைப்ரரி எழுதினோம். ஃபங்ஷன்களுக்கு ஓபன், ரீட், க்ளோஸ் என்று பெயர். லினக்ஸில் பில்லிங் புரோகிராமோடு சேர்த்ததும் ஃபைல் படிப்பதுகூடத் தாறுமாறாகிறது. ஏன்?

இந்த மூன்றும் லினக்ஸின் சி லைப்ரரியிலேயே இருக்கும் பெயர்கள். நீங்கள் அதே பெயரில் எழுதியதும், பில்லிங் புரோகிராம் ஃபைலைப் படிக்கக் கூப்பிடும் ரீட் உங்கள் தராசு ரீடுக்கு வந்து சேருகிறது. சி மொழியில் நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரிக்கும் வசதி, கிடையாது. முன்னொட்டு ஒன்றுதான் வழி. தராசு_ஓபன், தராசு_ரீட், தராசு_க்ளோஸ் என்று மாற்றுங்கள். எஸ்க்யூலைட், லிப்பிஎன்ஜி, கர்ல் போன்ற லைப்ரரிகள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. ஃபங்ஷனோடு நிறுத்திவிடாதீர்கள்: ஸ்ட்ரக்ட், ஈனம், மேக்ரோ, இன்க்ளூட் கார்டு (ஒரே ஹெடர் இரண்டு முறை சேராமல் தடுக்கும் மேக்ரோ) எல்லாவற்றுக்கும் அதே முன்னொட்டு வேண்டும். ஹெடரில் வெறும் 'மேக்ஸ்' என்று ஒரு மேக்ரோ இருந்தாலே அடுத்தவர் கோடில் கை வைத்ததாகிவிடும்.

சில பெயர்களை மொழியே தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இரண்டு அண்டர்ஸ்கோர், அல்லது ஒரு அண்டர்ஸ்கோரும் பெரிய எழுத்துமாகத் தொடங்குபவை கூடாது. இன்க்ளூட் கார்டில் பலர் செய்யும் தவறு இதுதான். எஸ்டிஆர், எம்இஎம் என்று தொடங்கி அடுத்து சின்ன எழுத்து வரும் வெளிப்பெயர்களும் ஒதுக்கப்பட்டவையே. அண்டர்ஸ்கோர் டி என்று முடியும் டைப் பெயர்களை போசிக்ஸ் என்ற யுனிக்ஸ் தரநிலை எடுத்துக்கொண்டது.

ஒரே ஃபைலுக்குள் பயன்படும் ஃபங்ஷன்களை ஸ்டாட்டிக் ஆக்குங்கள். பல ஃபைல்களுக்கு வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது என்றால் விசிபிலிட்டியை ஹிட்டன் என்று வைத்து கம்பைல் செய்து, வெளியே போக வேண்டியவற்றை மட்டும் குறியுங்கள். பிறகு என்எம் கட்டளையால் டைனமிக் சிம்பல் பட்டியலை (லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களை) எடுத்துப் பாருங்கள். முன்னொட்டு இல்லாத பெயர் ஒன்று தெரிந்தாலும் அந்த ரிலீஸை நிறுத்திவிடுங்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: சார், டேப்பா ஸ்பேஸா?

இரண்டும் சரி, கலப்பதுதான் தப்பு. லினக்ஸ் கெர்னல் 8 எழுத்து அகல டேப் வைக்கிறது. பைதானின் சி கோட் 4 ஸ்பேஸ். கர்ல் 2 ஸ்பேஸ். புதிதாகத் தொடங்கினால் 4 ஸ்பேஸ், வரிக்கு 80 எழுத்து என்று வைத்து, அதை, கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் கிளாங்-ஃபார்மட் கருவியின் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

குளச்சல் வாசகர்: மீன்பிடி படகுகளின் ஜிபிஎஸ் கருவியிலிருந்து இடத்தைப் படிக்கும் லைப்ரரி. மேப்பில் படகு சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் கோடில் வேரியபிளின் பெயர் வெறும் 'லேட்' (அட்சரேகை). அதில் இருப்பது என்ன அலகு என்று பெயர் சொல்லவில்லை, கோளாறு அங்கேதான். ஜிபிஎஸ் கருவி அனுப்பும் என்எம்இஏ 0183 வடிவச் செய்தியில் 0810.70 என்று வந்தால் அது 8 டிகிரி 10.70 நிமிடம். 100ஆல் வகுத்து 8.107 என்று எடுத்துக்கொண்டால் தப்பு. நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும், 8.1783 வரும். இந்த வித்தியாசமே ஏறக்குறைய 8 கிலோமீட்டர்.

அலகைப் பெயரிலேயே எழுதுவதை விதியாக வையுங்கள்: லேட்_டிகிரிநிமிடம், வேகம்_நாட், நேரம்_மில்லிசெகண்ட். லைப்ரரியின் வெளிமுகத்தில் டிகிரியை 1 கோடியால் பெருக்கி 32 பிட் இன்டெஜராகக் கொடுப்பது நல்லது. 180 டிகிரிகூட அதில் அடங்கும், துல்லியம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். சாதாரண ஃப்ளோட்டில் நம் பக்கத்து 77 டிகிரி தீர்க்கரேகையை வைத்தால் அது ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் படிகளில்தான் நகரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டிகிரி நிமிடத்தைப் பிரிக்க, எழுத்துத் தொடரை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓஎல் ஃபங்ஷனுக்கு பேஸ் 0 கொடுத்திருக்கிறீர்கள். முன்னால் பூஜ்யம் இருப்பதால் அது எண்ணை ஆக்டலாக (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள முறை) எடுத்துக்கொள்ளும்: 0810 என்பது 0 ஆகும், படகு தெற்கே போய் 0710 வந்தால் 456 ஆகும். பேஸ் 10 என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: ஊர்ப்பெயரைத் தமிழில் வைக்க 32 பைட் கேரக்டர் அரே. 'குளச்சல்' சரியாக வருகிறது, 'நாகர்கோவில்' கடைசியில் உடைந்துபோகிறது.

கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோடில் ந, கால், க, ர, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று 11. இவற்றை பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33. முடிவில் வரும் பூஜ்யத்தையும் சேர்த்தால் 34. ஓகாரக் குறியைச் சில மென்பொருள்கள் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து அனுப்பும், அப்போது 37. உங்கள் 32இல் கடைசிப் புள்ளியின் 2 பைட் மட்டும் ஏறுகிறது. போதாததற்கு எழுத்துத் தொடரை நகலெடுக்க நீங்கள் பயன்படுத்திய எஸ்டிஆர்என்சிபிஒய் ஃபங்ஷன், இடம் நிரம்பிவிட்டால் முடிவுப் பூஜ்யத்தைப் போடாது. அதனால் அடுத்த மெமரியில் உள்ளதும் சேர்ந்து அச்சாகிறது.

பஃபர் வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் பக்கத்திலேயே அதன் அளவையும் சைஸ்_டி டைப்பில் வாங்க வேண்டும். அளவின் பெயரில் 'பைட்' என்று இருக்க வேண்டும். 'நீளம்' என்று மட்டும் எழுதினால் எழுத்தா பைட்டா என்ற குழப்பம் தீராது. பஃபரில் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் இடம் போதவில்லை என்று எரர் கொடுங்கள். பெயரை வெட்டாதீர்கள். யுனிகோட் எல்லையில் சரியாக வெட்டினால்கூட புள்ளி போய் 'நாகர்கோவில' என்றுதான் நிற்கும்.

இதோடு, எழுத்தின் வகையைச் சோதிக்கும் ஐஎஸ்ஆல்ஃபா போன்ற ஃபங்ஷன்களுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பைட்டையும் அன்சைன்ட் சார் ஆக மாற்றுங்கள். தமிழ் பைட்டுகள் எல்லாம் 127க்கு மேல். பிசியில் சார் டைப் பொதுவாக சைன்ட் (நெகட்டிவ் எண்ணும் வைக்கும்), ஆகவே நெகட்டிவ் எண் போகும். ஏஆர்எம் ப்ராசஸர் உள்ள லினக்ஸில் அன்சைன்ட் என்பதால் அங்கே தப்பு வெளியே தெரியாது.

தக்கலை வாசகர்: ஒரே ஃபங்ஷனில் மூன்று மால்லாக் (மெமரி வாங்குவது), ஒரு ஃபைல். எங்கே எரர் வந்தாலும் எல்லாவற்றையும் விடுவிக்க ஒரே கோடை ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறோம். கோட்டோ (வேறு வரிக்கு நேரடியாகத் தாவும் கட்டளை) கூடாது என்று படித்தோமே?

பின்னோக்கித் தாவும் கோட்டோதான் கூடாது. முடிவில் ஒரே ஒரு லேபிள் வைத்து முன்னோக்கித் தாவுவது சி மொழியில் முறையான வழி. லினக்ஸ் கெர்னலிலும் முன்னோக்கித் தாவும் கோட்டோ பரவலாக உண்டு. எல்லா பாயிண்டர்களையும் மேலேயே நல் (எதையும் காட்டாத வெற்று மதிப்பு) ஆக்குங்கள். ரிட்டர்ன் மதிப்பை முதலில் எரர் என்று வைத்து, எல்லாம் முடிந்த பிறகு பூஜ்யம் ஆக்குங்கள். நல்லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் நல்லை எஃப்க்ளோஸ் செய்யக் கூடாது. அதற்கு ஒரு இஃப் வேண்டும்.

யார் விடுவிப்பது என்பதையும் பெயர் சொல்லட்டும். நியூ என்று முடிவது கொடுத்ததை ஃப்ரீ என்று முடியும் உங்கள் லைப்ரரி ஃபங்ஷனே வாங்கிக்கொள்ளும். கெட் என்று முடிவது கான்ஸ்ட் பாயிண்டர் தரும், அதை யாரும் விடுவிக்கக் கூடாது. சாதாரண ஃப்ரீயைக் கூப்பிடச் சொல்லாதீர்கள்: விண்டோஸில் டிஎல்எல்லும் புரோகிராமும் வேறு வேறு சி ரன்டைமோடு கம்பைல் ஆகியிருந்தால் ஹீப் (மால்லாக் மெமரி எடுக்கும் இடம்) கெட்டு கிராஷ் ஆகும்.

ஆரல்வாய்மொழி வாசகர்: காற்றாலை மீட்டர் பதில் தராவிட்டால் எங்கள் லைப்ரரி பிரிண்ட்எஃப் செய்து எக்ஸிட் கூப்பிடுகிறது. சரிதானா?

சரியில்லை. ஒரு மீட்டரின் ஒயர் கழன்றால் மற்ற எல்லாக் காற்றாலைகளின் பதிவும் நின்றுபோகும். புரோகிராமை நிறுத்தும் உரிமை லைப்ரரிக்கு இல்லை. வெற்றிக்கு 0, தோல்விக்கு நெகட்டிவ் எண் கொடுங்கள். லாக் வேண்டுமென்றால் பயனர் ஒரு கால்பேக் (லைப்ரரி கூப்பிட வேண்டிய அவருடைய ஃபங்ஷன்) கொடுக்கட்டும். அதோடு ஒரு வாய்டு பாயிண்டரும் வாங்கி அப்படியே திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் அவர் குளோபல் வேரியபிளைத் தேட வேண்டிவரும்.

குலசேகரம் வாசகர்: ஒரே வரி உள்ள இஃபுக்கும் நெளி அடைப்புக்குறி வேண்டுமா?

வேண்டும். 2014இல் வெளியே தெரிந்த கோளாறு இது: ஆப்பிளின் எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பைப் பாதுகாக்கும்) கோடில் அடைப்புக்குறி இல்லாத இஃபின் கீழ் ஒரே கோட்டோ வரி இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி இஃபுக்கு வெளியே விழுந்ததால் எப்போதும் ஓடியது, கையொப்பச் சோதனையே நடக்காமல் போனது. ஜிசிசி கம்பைலர் 6ஆம் வெர்ஷன் முதல் வால் (-Wall) ஆப்ஷனிலேயே இப்படிப்பட்ட இன்டென்டை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை எரர் ஆக்கிவிடுங்கள்.

கருங்கல் வாசகர்: பழைய லைப்ரரி முழுவதையும் புது ஸ்டைலுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் தனி கமிட்டாக (தனி மாற்றப் பதிவாக). அதில் லாஜிக் ஒரு வரிகூட மாறக் கூடாது. டீபக் தகவலும் அசர்ட்டும் இல்லாமல் முன்னும் பின்னும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருக்க வேண்டும். எல்லோரும் கிளாங்-ஃபார்மட்டின் ஒரே வெர்ஷனை வையுங்கள், வெர்ஷன் மாறினால் வடிவமும் மாறும். அந்த கமிட்டின் முழு ஹேஷை ஒரு ஃபைலில் எழுதி கிட்டின் இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் ஆப்ஷனுக்குக் கொடுத்தால், எந்த வரியை எந்த கமிட் மாற்றியது என்று காட்டும் பிளேம் கட்டளை அதைத் தாண்டிப் போகும். இதற்கு கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த கோடை மட்டும் தொடாதீர்கள். அடுத்த அப்டேட் வரும்போது வித்தியாசம் பார்க்கவே முடியாமல் போய்விடும்.